ஆற்றங்கரையைப் படிக்க ஒரு பட்சம்: தோட்டத்துப் பட்டணங்களில் கள ஆய்வு செய்யும் முறை

மலேசியாவில் தெலுக் இந்தான், நிபோங் திபால், கோல சிலாங்கூர் மாதிரியான பட்டணங்களில் பல கடைவரிசைகளுக்கு ஆறு பின்பக்கம்தான். ரப்பர் சரக்கு படகில் ஏறி, அரிசியும் மண்ணெண்ணெயும் படகில் இறங்கிய காலத்தில் அது முன்வாசலாக இருந்தது. சாலையும் ரயிலும் வந்ததும் கடைகள் திரும்பி உட்கார்ந்துகொண்டன. இன்று அங்கே கேஸ் தோங் (கேஸ் சிலிண்டர்) அடுக்கியிருக்கும், பாத்திரம் கழுவுவார்கள், பழைய ஃப்ரிட்ஜ் கிடக்கும்.

இப்போது அந்தப் பின்பக்கத்தைத் திருத்தி நடைபாதையும் பூங்காவும் அமைக்க நகராண்மைக் கழகங்கள் ஆசைப்படுகின்றன. நல்ல ஆசைதான். ஆனால் வடிவமைப்பவர் ஒரு நாள் காலை 10 மணிக்கு வந்து, ட்ரோன் பறக்கவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிடுகிறார். அவர் பார்த்தது அந்த இரண்டு மணி நேரத்து ஆற்றை. தீபகற்பத்தின் மேற்குக் கரை ஆறுகளில் கடலோதம் பல கிலோமீட்டர் உள்ளே வருகிறது. கரை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. தரையில் அது நாளுக்கு நான்கு முறை இடம் மாறும் பட்டை. அந்தப் பட்டையின் அகலம் தெரியாமல் போட்ட பெஞ்சும் படிக்கட்டும் ஒரு வருடத்தில் சேற்றுக்குள் போய்விடும்.

கீழே சொல்லும் முறை ஓதம் எட்டும் பட்டணங்களுக்கு. சுங்கை சிப்புட், தாப்பா போன்ற உள்நாட்டு ஊர்களில் ஓத அளவீட்டை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம்.

காலண்டர் பார்த்து நாள் குறியுங்கள்

சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இந்த வேலைக்கு முதல் கருவி. நீர் ஏறி வற்றி மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஏற்றம் மிக உயரமாகவும் வற்று மிகத் தாழ்வாகவும் இருக்கும். அஷ்டமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு. கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஓத நாட்களில் இந்த வித்தியாசம் 4 மீட்டரைத் தொடும். ஆற்றில் மேலே போகப் போக அது குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

ஆகவே ஆய்வுக்கு ஒரு பட்சம், அதாவது 15 நாள் வேண்டும். அமாவாசைக்கு அடுத்த நாள் விடிகாலையிலிருந்து இருட்டும் வரை ஒரு நாள். அஷ்டமி முடிந்த மறுநாள் இன்னொரு நாள். கனமழை பெய்கிற ஒரு மாலை. இது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அழைத்தால் ஓடி வர உள்ளூரில் ஒருவர் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. முடிந்தால் கோயில் திருவிழா நாள் ஒன்று. ஏப்ரல், மே, அல்லது அக்டோபர், நவம்பர் மாதங்களில் செய்தால் மாலை இடிமழை அனேகமாகக் கிடைத்துவிடும்.

கைச்சாமான் அதிகம் வேண்டாம்: 30 மீட்டர் டேப், 5 மீட்டர் அளவுக்கோல், முக்காலியோடு ஒரு மட்டக் கருவி, கையால் திருகும் மண் துளைப்பான், பி.எச். (அமில, கார அளவு), உப்புத்தன்மை இரண்டையும் காட்டும் மீட்டர், அகச்சிவப்பு வெப்பமானி, வெள்ளை பெயிண்ட், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

முதல் நாளே நில அலுவலகத்தில், கரை நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் அதிகாரபூர்வத் தேடலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பதில் வரும்போது வரட்டும்.

நீர்மட்டக் கோல்

படகுத்துறையின் உறுதியான தூண் ஒன்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதுங்கள். அடிக்கோடு சேற்றைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வற்றில் நீர் கோலைவிட்டுக் கீழே போய், அந்த நாளே வீணாகிவிடும். கோலின் சுழியத்தை அருகிலுள்ள நில அளவைத் துறையின் மட்டக்கல்லோடு (உயரம் குறித்து நட்ட கல்) மட்டக் கருவியால் இணைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை மட்டத்தைப் பதியுங்கள். நீர் திரும்பும் நேரம் நெருங்கினால் கால் மணிக்கு ஒரு தடவை.

நோட்டில் நான்கு பத்தி போதும்: நேரம், மட்டம், ஓடும் திசை, காற்று. திசையைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மட்டம் ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நீர் கடலை நோக்கியே ஓடும். ஏற்றம் உச்சத்தைத் தொட்ட நேரமும் ஓட்டம் நின்ற நேரமும் ஒன்றல்ல. படகுத்துறை அமைப்பதற்கும் குப்பை எங்கே ஒதுங்கும் என்று கணிக்கவும் இந்த இடைவெளி தேவைப்படும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பெரிய பிழை ஒன்று. ஓத அட்டவணையில் அச்சிட்டிருக்கும் உயரம் கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து கணக்கிட்டது. அது கிட்டத்தட்ட மிகத் தாழ்ந்த வற்றின் மட்டம். நில அளவையாளர் கொடுக்கும் தரை உயரம் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. இரண்டுக்கும் இடையே மீட்டர் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. அட்டவணை எண்ணை அப்படியே தரை வரைபடத்தில் போட்டால் ஊரே தண்ணீருக்குள் இருப்பதாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து தேவையில்லாத உயரத்துக்குச் சுவர் எழுப்பியவர்களும் உண்டு, வித்தியாசத்தைத் தலைகீழாகக் கழித்துத் தாழ்வாகக் கட்டியவர்களும் உண்டு. அட்டவணை துறைமுகத்துக்கு உரியது என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் ஊருக்கு ஏற்றம் தாமதமாக வரும். எத்தனை நிமிடம் என்பதை உங்கள் கோல் சொல்லும்.

ஏற்ற வற்று வித்தியாசம் கிடைத்ததும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 2.5 மீட்டர் என்றால், சக்கர நாற்காலி இறங்கும்படி 12-க்கு 1 சரிவில் மிதவைத் துறைக்குப் பாலம் போட 30 மீட்டர் நீளம் வேண்டும். பல பட்டணங்களில் ஆற்றின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். அழகான மிதவைத் துறைப் படம் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு முடிந்துவிடும். மலாக்கா ஆற்றைக் காட்டி 'அங்கே தண்ணீரை ஒட்டி நடக்கிறார்களே' என்று கேட்பார்கள். அங்கே ஆற்று வாயில் ஓதத் தடுப்பணை மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் ஊரில் அது இல்லை.

வற்றில் கரை நடை

கரையைப் பார்க்க வேண்டிய நேரம் பெரிய வற்று. முடிந்தால் மீன்பிடிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆற்றுப் பக்கமிருந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் புல் மட்டுமே தெரியும். 50 மீட்டருக்கு ஓர் இடம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் கரையின் உயரம், சரிவு, என்ன மண், என்ன வேர், என்ன குழாய் என்று எழுதி, எதிர்க்கரையிலிருந்து ஒரு படமும் எடுங்கள்.

வளைவின் வெளிப்பக்கம் ஆறு அரிக்கும், உட்பக்கம் வண்டல் போடும். பாடப்புத்தக விஷயம்தான். ஆனாலும் அரிக்கும் பக்கத்தில்தான் காட்சி நன்றாக இருக்கும். ஆற்றின் நீளம் கண்ணுக்குத் தெரியும், நீர் ஆழமாக இருக்கும், சேற்று நாற்றம் இருக்காது. அதனால் மேடையும் உணவுக்கடையும் அங்கேயே வந்து விழும். பேராக் ஆறு பெரிதாக வளைந்து போகும் தெலுக் இந்தானைச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு தடவை பார்த்தால் இந்த ஆபத்து புரியும்.

கரை சரியப்போகிறது என்பதற்கு அடையாளம் கரைக்கு இணையாக ஓடும் விரிசல். ஒரு விரல் நுழைகிற அளவு போதும், கவலைப்பட. விரிசலின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதி, பட்சத்தின் கடைசி நாளில் மறுபடி அளங்கள். ஆற்றைப் பார்த்துச் சாயாமல் ஊரைப் பார்த்துச் சாய்கிற மரமும் அடையாளம்தான்: அடிமண் வட்டமாகச் சுழன்று இறங்கும்போது மேல்பகுதி பின்னால் சாய்கிறது.

கரை வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சரியும் என்று பலர் நினைக்கிறார்கள். களிமண் கரை அனேகமாக நீர் இறங்கும்போதுதான் சரிகிறது. ஏற்றத்தில் களிமண் ஊறிக் கனக்கிறது. ஆற்று நீர் வெளியிலிருந்து அழுத்தித் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீர் சட்டென வற்றினால் தாங்கல் போய்விடும், உள்ளே ஊறிய நீர் அவ்வளவு வேகமாக வெளியேறாது, கரை தன் கனத்திலேயே வழுக்கும். மழை வெள்ளமும் பெரிய ஓதமும் சேர்ந்து வந்து வற்றிய மறுநாள் காலை கரையைப் போய்ப் பாருங்கள். அரைச் சந்திர வடிவில் புதிய சரிவு இருந்தால் அந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள்.

ஒரு கைக்கணக்கு: கரையின் அடியிலிருந்து 3-க்கு 1 சரிவில் மேல்நோக்கிக் கோடு இழுங்கள். 4 மீட்டர் உயரக் கரைக்கு அந்தக் கோடு அடியிலிருந்து 12 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். அதற்குள் கனமான எதையும் பைல் (ஆழத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) இல்லாமல் வைக்கக் கூடாது. இது முதல் வரைவுக்கு மட்டும். கட்டுவதற்கு முன் மண் பொறியாளர் சரிபார்க்க வேண்டும்.

வெள்ளம் பின்னாலிருந்து வருகிறது

மற்ற எதையும் விட இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஆற்றுப் பக்கம் கரைமேடு போட்ட பட்டணங்களில், ஆறு மேட்டைத் தாண்டி வருவதற்கு வெகு முன்னமே ஊர் நனைந்துவிடுகிறது. நீர் ஊரிலிருந்தே வருகிறது.

லோங்காங் (ஊர் வடிகால்) எல்லாம் கரைமேட்டுக்கு அடியில் குழாய் வழியாக ஆற்றில் விழும். குழாய் வாயில் மேலிருந்து தொங்கும் இரும்பு மூடி ஒன்று இருக்கும். ஆறு தாழ்ந்தால் ஊர் நீர் மூடியைத் தள்ளித் திறக்கும். ஆறு உயர்ந்தால் ஆற்று நீரே அழுத்தி மூடிவிடும். யோசனை நல்லது. ஆனால் ஏற்ற நேரத்தில் மழை பெய்தால் ஊர் நீருக்கு வெளியே போக வழியில்லை. அந்த இடுக்கில் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலோ செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைத் துண்டோ சிக்கினால் நிலைமை இன்னும் மோசம்: மூடி முழுதாக அடையாது, ஆறு லோங்காங் வழியாகப் பின்னோக்கி நடந்து வந்து கடைவீதியில் எட்டிப்பார்க்கும்.

வற்றின்போது ஒவ்வொரு வாயிலையும் எண்ணுங்கள். குழாயின் விட்டம், அதன் அடிமட்டம், மூடி இருக்கிறதா, கையால் தூக்கினால் அசைகிறதா, துருப்பிடித்து நின்றுவிட்டதா என்று எழுதுங்கள். பிறகு உங்கள் ஓதப் பதிவை எடுத்து, ஆறு அந்த அடிமட்டத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு வாயிலுக்கு 6 ஹெக்டர் கடைவீதி நீர் வடிகிறது. ஓர் ஏற்றத்துக்கு 5 மணி நேரம் மூடி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் 60 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வகைப்பாட்டில் 60-ஐத் தாண்டினால் மிகக் கனமழை. கூரையும் சிமெண்டும் நிறைந்த இடம் என்பதால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும். 60,000 சதுர மீட்டரை 0.06-ஆலும் 0.9-ஆலும் பெருக்கினால் 3,240 கன மீட்டர். அது தங்க ஊரில் 1 ஹெக்டர் தாழ்நிலம்தான் இருக்கிறது என்றால் 32 சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். கடைக்குள் கணுக்கால் தாண்டி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

இந்த எண் கையில் வந்ததும் பூங்காவின் வேலையே மாறிவிடும். கரைமேட்டுக்கு உள்பக்கம் இருக்கும் திடலை 40 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அந்த 3,240 கன மீட்டரில் பெரும்பங்கு அங்கே ஓரிரவு தங்கி, வற்றில் போய்விடும். அதையே மண் கொட்டி உயர்த்தி இண்டர்லாக் கல் பதித்தால், பூங்கா காய்ந்திருக்கும், கடைக்காரர்கள் நனைவார்கள். திறப்பு விழாவுக்கு மறு மாதமே புகார் வரும் இடங்களில் காரணம் அனேகமாக இதுதான். நகர மழைநீருக்கென இலாகா வெளியிட்ட 'மஸ்மா' கையேடும் நீரை அது விழுந்த இடத்திலேயே நிறுத்தி மெல்ல விடச் சொல்கிறது. முதல் பதிப்பு 2000-இல் வந்தது. ஆனாலும் கரையோரப் பூங்காவை அந்தக் கண்ணோடு பார்ப்பது இன்னும் குறைவு.

பழைய வெள்ளம் எந்த உயரம் வந்தது என்று தெரிந்துகொள்ளக் கடைகளின் பின்கட்டுக்குப் போங்கள். ஃப்ரிட்ஜும் அரிசி மூட்டையும் எந்த உயர மேடையில் இருக்கின்றன, மின்பொத்தான்களை எந்த உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று வரிசைச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஃப்ரிட்ஜ் நின்றால், அந்தக் கடைக்காரர் உங்களைவிட நன்றாக வெள்ளத்தை அளந்திருக்கிறார். 'வெள்ளம் வருமா?' என்று கேட்டால் 'எப்பவாச்சும் வரும்' என்பார்கள், பயனில்லை. "அண்ணே, தண்ணி ஏறுனா சாமான எவ்வளவு உசரத்துல தூக்கி வைப்பீங்க?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார், டேப் வைத்து அளந்துகொள்ளலாம். பத்துக் கடையில் அளந்து, மட்டக் கருவியால் கோலோடு இணைத்தால் வெள்ளக் கோடு கிடைத்துவிடும். இலாகாவின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையதளத்தில் அருகிலுள்ள நிலையத்தின் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து மட்டங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

மண்

மேற்குக் கரைச் சமவெளியில் அடியில் இருப்பது மென்மையான கடற்களிமண். பல இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழம். சந்தைக் கட்டடத்தைச் சுற்றி வந்து பாருங்கள். கட்டடம் பைல் மேல் நிற்பதால் இறங்காது, சுற்றியுள்ள சிமெண்டுத் தரை இறங்கியிருக்கும். வாசலில் முதலில் ஒரு படி கட்டியிருப்பார்கள், பிறகு அதன்கீழே இன்னொரு படி ஒட்டவைத்திருப்பார்கள். அந்த இரண்டாவது படியின் உயரம்தான் அந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பதற்குச் செலவில்லாத சாட்சி. கட்டடத்துக்கு எத்தனை வயது என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

மண்ணின் உறுதியைச் சோதிக்கும் மெக்கிந்தோஷ் புரோப் வாடகைக்குக் கிடைக்கும். 5 கிலோ சுத்தியல் விழ விழ, கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ண வேண்டும். கம்பி அடியே இல்லாமல் தன் கனத்தில் இறங்கினால் அங்கே மண் கொட்டி உயர்த்துவதை மறந்துவிடுங்கள். 1 மீட்டர் மண் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் சுமை, அது வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு எளிதில் தெரியாது. இந்தக் களிமண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உண்டு. ஊறிக் கிடக்கும்வரை சாது. தோண்டிக் காற்றுப் படவிட்டால் கந்தக அமிலமாக மாறும், பி.எச். 3.5-க்கும் கீழே போகும், செடி கருகும், சிமெண்டு அரிக்கும். துளைப்பானில் வரும் மண்ணில் வைக்கோல் நிறத் திட்டுகள் தெரிந்தால் அமிலம் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று அர்த்தம். சாம்பல் நிற மண்ணாக இருந்தால் ஒரு கரண்டி எடுத்து 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுங்கள். பொங்கி அடங்கியபின் பி.எச். 2.5-க்குக் கீழே இருந்தால் ஆபத்தான மண். கையுறை, கண்ணாடி இல்லாமல் செய்யாதீர்கள். தாமரைக் குளம் தோண்டும் யோசனை இருந்தால் இந்தச் சோதனை முடியும்வரை அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நீரும் செடியும்

நீரின் தரத்துக்கு ஆறு அளவைகள்: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் எடுக்கும் ஆக்சிஜன்), சி.ஓ.டி. (அதையே வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள், பி.எச். இவற்றைச் சேர்த்துச் சுற்றுச்சூழல் இலாகா குறியீடு போடுகிறது. 81-உம் அதற்கு மேலும் சுத்தம், 60 முதல் 80 வரை ஓரளவு மாசு, அதற்குக் கீழே மாசு. கை மீட்டரால் ஆக்சிஜனை அளந்தால் விடிகாலையில் அளங்கள். மதியத்தில் பாசி ஆக்சிஜன் விடுவதால் எண் நன்றாகக் காட்டும், ஏமாந்துபோவீர்கள்.

தோட்டத்துப் பட்டணத்தில் மேலே யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். செம்பனை ஆலைக் கழிவு நீருக்கு பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம், சில இடங்களில் உரிமம் அதைவிடக் கடுமையாக இருக்கும். ரப்பர் பால் ஆலையில் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். அம்மோனியா நைட்ரஜன் எகிறினால் ஆலையா, ஊர்க் கழிவா என்று மேலேயும் கீழேயும் மாதிரி எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மறுநடவு நடக்கும் தோட்டத்திலிருந்து மழைக்குப் பின் தேயிலைச் சாயம்போல் சேறு வரும். இதைப் பூங்காவால் சரிசெய்ய முடியாது. நீர் தொடக்கூடியதா, பார்க்கமட்டும் கூடியதா என்று முடிவு செய்ய மட்டும் இந்த எண்கள்.

உப்புத்தன்மையைச் செடிகளே சொல்லும். நிப்பா என்ற சேற்றுப் பனை வரிசையாக நின்றால் உவர்நீர் தொடர்ந்து வருகிறது. பெரெம்பாங் மரம் நின்றால் உப்பு குறைவு, நன்னீர் கலப்பு அதிகம். இரவு 8 மணிக்கு மேல் அந்த மரங்களை ஒருமுறை பாருங்கள். கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானிலும் கிரியான் ஆற்றிலும் மின்மினிகள் கூடுவது பெரெம்பாங்கில்தான். அங்கே விளக்குக் கம்பம் நட்டால் பூச்சி போய்விடும், அதைப் பார்க்க வரும் ஆளும் போய்விடுவார். கரையில் வெட்டப்போகும் மரங்களின் சுற்றளவை அளந்து வையுங்கள். நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும்.

முதலை உண்டா என்று மீன் பிடிப்பவரிடம் கேளுங்கள். சிரிக்க வேண்டாம்; மேற்குக் கரை ஆறுகள் சிலவற்றில் உவர்நீர் முதலை இருக்கிறது. நீருக்குள் இறங்கும் படிக்கட்டு வேண்டுமா என்ற கேள்வி இதில்தான் நிற்கும்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்

'பயன்படாத கரை' என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் ஒரு நாள் காலை 6 முதல் இரவு 10 வரை, மணிக்குக் கால் மணி நேரம் ஆட்களை எண்ணுங்கள். வேலை நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று. நிற்பவர், உட்கார்ந்தவர், நடப்பவர் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) தூண்டில்காரர்கள் நீர் திரும்பும் நேரம் பார்த்து வருவார்கள். ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை மட்டும் எண்ணினால் கண்ணில் படமாட்டார்கள். ஞாயிறு மதியம் தோட்டங்களிலிருந்து வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்கள் பட்டணத்துக்கு வந்து பணம் அனுப்பிவிட்டு, காசு கொடுக்காமல் உட்காரக் கரைக்கு வருவார்கள். அவர்கள் தேடுவது நிழலும் உட்காரத் திட்டும்தான்.

நம் சனங்களின் பயன்பாடு பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நாள் என்பதால் ஆய்வில் விழாமலே போகும். அம்மன் கோயில் கரகம் ஆற்றங்கரையில் பாலித்துப் புறப்படும். காவடி எடுப்பவர்கள் குளித்து அலகு குத்திக்கொள்வதும் பல ஊர்களில் அங்கேதான். கருமக்கிரியை, அஸ்தி கரைப்பு மட்டும் மாதம் முழுக்க நடக்கும். கோயில் தலைவரையும் பூசாரி ஐயாவையும் நேரில் பார்த்து, ஊர்வலம் போகும் வழியை அவர்களோடு நடந்தே அளங்கள். காவடியின் அகலம், ரதத்தின் உயரம், குறுக்கே தொங்கும் கம்பியின் உயரம், வழியில் எத்தனை படி என்று எழுதுங்கள். வெறுங்காலில் நடப்பவருக்கு மதியம் 12 மணிக்குத் தரை என்ன சூடு என்று வெப்பமானியால் பாருங்கள். வெயிலில் கிடக்கும் இண்டர்லாக் கல் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். கரும காரியத்துக்கு வேண்டியது இவ்வளவு: வற்றிலும் நீரை எட்டும் படி, ஒரு குழாய், சட்டியும் பூவும் போட மூடியுள்ள தொட்டி, சாப்பாட்டுக் கடைகளின் கண்ணில் படாத ஒதுக்கம். இதைத் திட்டத்தில் வைக்காவிட்டால் காரியம் நின்றுவிடாது. வேலியைத் தாண்டிப் போய்ச் செய்வார்கள், சட்டி ஆற்றில் மிதக்கும்.

ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்தில் வைத்துப் படமெடுக்கும் மேடை மட்டும் எப்படியோ எல்லாத் திட்டத்திலும் இடம் பிடித்துவிடுகிறது.

வெயில்

ஆட்கள் வருவது மாலை 5.30-க்கு மேல், சூரியன் மறைவது 7 மணி தாண்டி. ஆகவே மேற்கு பார்த்த கரையில் உட்காருபவர் முகத்தில் நேராக வெயில் அடிக்கும். அந்தப் பக்கம் தலைக்கு மேல் கூரை போட்டுப் பயனில்லை, தாழ்ந்த கிளையுள்ள மரமோ நிற்கும் தட்டியோ வேண்டும். இருக்கும் மரங்களின் நிழலை 5.30-க்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். அந்தக் கோட்டுக்குள்தான் முதல் பெஞ்சு.

நிலம் யாருடையது

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் ஆற்று ஒதுக்குநிலம் ஆற்றின் அகலத்தைப் பொறுத்தது. கரைக்குக் கரை 40 மீட்டருக்கு மேல் என்றால் ஒவ்வொரு பக்கமும் 50 மீட்டர். 20 முதல் 40 என்றால் 40. 10 முதல் 20 என்றால் 20. 5 முதல் 10 என்றால் 10. 5-க்கும் குறைவு என்றால் 5 மீட்டர். காகிதத்தில் இப்படி. தரையில் அந்தப் பட்டைக்குள் கடையின் பின்கட்டு, தற்காலிக உரிமத்தில் நடக்கும் ஒட்டுக்கடை, பட்டா இல்லாத கோயில், தோட்டத்து லாட்டின் எல்லைக்கல், ரயில் நிலம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒதுக்குநிலம் அரசிதழில் அறிவிக்கப்பட்டதா, வழிகாட்டி அளவு மட்டும்தானா என்று தேடல் முடிவில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. பழைய லாட்டு வரைபடத்தில் ஆறு இருந்த இடமும் இன்று ஓடும் இடமும் வேறாக இருக்கலாம். எல்லைக்கல் ஆற்றுக்குள் போயிருந்தால் அதையும் குறியுங்கள். கோயில் இருக்கும் இடத்தை 'ஆக்கிரமிப்பு' என்று வரைபடத்தில் எழுதிக் கூட்டத்தில் காட்டினால் அன்றோடு உங்கள் ஆய்வு முடிந்தது. கோயில் என்றே எழுதுங்கள். நில நிலைமையைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில்

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இந்தப் பட்டை தெரியாது. வெட்டுமுகம் வரையுங்கள். அரிக்கும் வளைவில் ஒன்று, வண்டல் பக்கத்தில் ஒன்று, பெரிய லோங்காங் விழும் வாயிலில் ஒன்று. 1:100 அளவில், ஆற்றின் நடுவிலிருந்து கடைவீதியின் முன்பக்கம் வரை. ஒவ்வொன்றிலும் ஐந்து நீர்க்கோடுகள்: பெரிய வற்று, சிறிய ஏற்றம், பெரிய ஏற்றம், ஃப்ரிட்ஜ் மேடைகள் சொன்ன வெள்ளம், 100 ஆண்டு வெள்ளத்துக்கு (எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம்) இலாகா கொடுக்கும் மட்டம். அதன்மேல் 3-க்கு 1 சரிவுக் கோடு, ஒதுக்குநில எல்லை, குழாய் அடிமட்டம், 5.30 மணி நிழல்.

சிறிய ஏற்றத்துக்கும் பெரிய ஏற்றத்துக்கும் நடுவே இருப்பது எல்லா நாளும் நனையாத தரை. நாணலும் படியும் தாங்கும். மின்சாரமும் மரப்பலகையும் தாங்காது. பெரிய ஏற்றத்துக்கும் வெள்ளக் கோட்டுக்கும் நடுவே திடல், சந்தைக் கொட்டகை, கழுவிவிடக்கூடிய சிமெண்டுப் பெஞ்சு. மின்பெட்டி, கழிப்பறை, சாமான் அறை எல்லாம் வெள்ளக் கோட்டுக்கு மேலே.

தூணில் போட்ட நீர்மட்டக் கோலை அழிக்காதீர்கள். படகுத்துறையில் தினமும் இருக்கும் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த நாள் ஏற்றத்தின் உச்சத்தை எழுதச் சொல்லுங்கள். டெண்டர் முடிந்து குத்தகையாளர் வந்து சேர எப்படியும் ஒரு வருடம் ஆகும். அதற்குள் இருபத்து நான்கு, இருபத்தைந்து பெரிய ஏற்றங்கள் பதிவாகியிருக்கும்.